ஒன்பது அங்குலம்

மத்தூர் தாண்டிப் போச்சம்பள்ளி போகும் வழியில்
நாலரை ஏக்கர் மாந்தோப்பு
ஒரு புதன்கிழமை என் கணினிக்குள் வந்தது.
நாற்பத்தொரு மரம். செந்தூரா, பெங்களூரா,
ஓரத்தில் இரண்டு பீத்தர்.
புலப்படத்தில் ஒன்றுகூட இல்லை.
கல் இருந்தது, கிணறு இருந்தது,
வற்றிப்போன ஓடைக்கும் இரட்டைக் கோடு இருந்தது.

நான் வரைவாளர். மாதம் பதினாலாயிரம்.
முப்பதடிச் சாலை, இருபத்துமூன்றடிச் சாலை,
முப்பதுக்கு நாற்பது மனைகள்
இட்லித் தட்டில் குழி விழுவதுபோல்
விழுந்துகொண்டே போகும்.
பத்துச் சதவீதம் பூங்காவுக்கு விடவேண்டும்.
அதை எப்போதும் பாறை மூலையில் விடுவோம்,
விற்காத மூலையில்.

மாமரங்களை மெஷின் வெட்டியது என்பார்கள்.
கோடு போட்டவள் நான்.
மூன்று நாள். லாரியில் ஏற்றும்போது
காயெல்லாம் பிஞ்சு.
டிரைவர் ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு
உப்பு இருக்கா என்றார்.

யாரையும் திட்ட எனக்கு வாயில்லை.
தொண்ணூற்றாறு மனைக்கு
நூற்றுப்பத்துப் பேர் முன்பணத்தோடு நின்றார்கள்.
கம்பெனி பஸ்ஸிலிருந்து
கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கிய பச்சியம்மா
ஏழு வருடமாக வாடகை வீட்டில்
ஆணி அடிக்க அனுமதி கேட்டவள்.
"ஒரு காலண்டர் மாட்டணும்க்கா, அவ்ளோதான்."
அவளிடம் போய் நிழலைப் பற்றிப் பேச முடியுமா?

வடக்கு எல்லையில் ஒரு புளி.
மூன்று பேர் கைகோத்தாலும் சுற்றளவு எட்டாது.
டேப் பிடிக்கும் மாதையன் கிட்டே போக மறுத்தான்.
யாரோ ஒரு கார்த்திகையில் தொங்கிய கிளையாம்.
யார் என்று கேட்டால் பெயர் மட்டும் வராது.
பாறை மூலையிலிருந்து பூங்காவைப் பிடுங்கி
புளியைச் சுற்றி நட்டுக் காட்டினேன், திரையில்.
புரோமோட்டர் திம்மராயன் கண்ணாடியைக் கழற்றினார்.
"ரெண்டு மனை போகுதேம்மா.
மனை ஒன்பது லட்சம். மரம் என்ன வெல?"
விறகுக்கு நாற்பதாயிரம் தருவார்கள் என்றேன்,
சமயத்தில் பொய் வராமல்.

வெட்ட ஆள் வந்தது.
மாதையன் கதை அவர்களுக்கு முன்பே வந்திருந்தது.
ரம்பத்தைத் தரையில் வைத்து மூன்று மடங்கு கூலி கேட்டார்கள்,
அப்புறம் அதுவும் வேண்டாமென்று வண்டி ஏறினார்கள்.
மரத்தை ஒட்டிய பதினேழாம் மனையை
எவரும் சீண்டவில்லை.
ஏழரை, ஏழு, ஆறேகால்,
மாசி முடிவதற்குள் நாலரை.

ஆக, என் வரைபடம் ஜெயித்தது.
பேய் கையெழுத்துப் போட்டது.
புளியைக் குறிக்க மென்பொருளில் மரம் தேடினேன்.
பைன் இருந்தது, பனிநாட்டு மேப்பிள் இருந்தது,
ஈச்சை மாதிரி ஒன்று இருந்தது.
கடைசியில் வெறும் வட்டம் போட்டேன்.
ஒப்புதல் தரும் இடத்தில் விரல் வைத்துக் கேட்டார்கள்:
"இதென்ன, தண்ணித் தொட்டியா?"

பதினேழை நான்தான் வாங்கினேன்.
நாலு பவுன், ஒரு சீட்டு, மீதி லோன்.
கணக்குப் போட்டுத்தான் அந்தம்மா மரத்தைக் காப்பாத்துச்சு
என்று மாதையன் டீக்கடையில் சொல்கிறானாம்.
இல்லை என்று சொல்லப் போனேன்,
பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

பச்சியம்மா வீட்டில் இப்போது ஏழு ஆணி.
வாசலுக்கு ஒரு செந்தூரா கன்று வேண்டுமாம்,
எந்த நர்சரி நல்ல நர்சரி என்று
என்னைத்தான் கேட்கிறாள்.

எனக்கு வானம் தோண்டிய அன்று
நாலடி ஆழத்தில், வடமேற்கு மூலையில்,
தொடை கனத்துக்கு ஒரு வேர்.
எல்லைக்கல்லைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.
கொத்தனார் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.
"ஒரே வெட்டுக்கா."
உடனே சொல்லவில்லை.
லோன் வட்டியை நினைத்தேன், அன்றைய ஆள்கூலியை,
மழைக்கு முன் முடிய வேண்டிய பேஸ்மட்டத்தை.
மூன்று பேர் டீ குடித்து முடித்தார்கள்.
பிறகு சுவரை ஒன்பது அங்குலம்
உள்ளே தள்ளச் சொன்னேன்.

அடுப்படியில் இப்போது இருவர் நிற்க முடியாது.
அம்மா தாளிக்க உள்ளே போனால்
நான் வெளியே வந்து நிற்கிறேன்.